மூடியைக் கழற்றும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டி ஆடியோ சர்வீஸ் கடை போடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல இடம்தான் பிடித்திருக்கிறாய். உன் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் லேத் பட்டறைகளும் சின்னச் சின்ன ஃபவுண்டரிகளும் இருக்கின்றன. வடக்கே கொஞ்சம் போனால் சரவணம்பட்டி, ஐ.டி. கம்பெனிகள், புது அபார்ட்மெண்டுகள். இரண்டு பக்கத்திலிருந்தும் உன் மேசைக்கு ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் வரும். பட்டறைக்காரர் வீட்டுப் பெட்டி பெரும்பாலும் கரண்டில் அடிபட்டு வரும். ஐ.டி. பிள்ளைகளின் பெட்டி ஹெச்.டி.எம்.ஐ. தகராறோடு வரும். இரண்டு பேரும் சொல்லப்போவது ஒரே வாக்கியம்: "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாப் பாடுச்சுங்க."

உனக்குக் கை வேலை தெரியும், சால்டரிங் சுத்தம். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. பழுது தெரிகிற இடம் ஒன்று, அது புறப்பட்ட இடம் இன்னொன்று. செத்த பாகத்தை மாற்றத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. அது ஏன் செத்தது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டுப் பழகு என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கரண்ட். பெட்டி மேசைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதே. அந்த வீதியில் நேற்று என்ன நடந்தது என்று விசாரி. டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்ததா? பக்கத்து வீட்டிலும் ஃபேன், ஃபிரிட்ஜ் ஏதாவது போனதா? போயிருந்தால் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கும். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வரைக்கும் ஏறலாம். ரிசீவரில் முதல் அடி ஸ்டாண்ட்பை சப்ளைக்கு விழும். "ஆஃப் பண்ணித்தானுங்க வெச்சிருந்தேன்" என்பார்கள். ரிமோட்டில் அணைத்தால் அந்தச் சின்ன சப்ளை அணையாது. இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். நல்ல வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டச் சொல். இடி மின்னல் நாளில் பிளக்கோடு டிஷ் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கச் சொல். மின்னல் பிளக் வழியாக மட்டும்தான் வரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

2012-ஐ நினைத்துப் பார். கோயம்புத்தூரில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் அது. வீட்டுக்கு வீடு யூ.பி.எஸ். வந்தது. அதில் பாதி விலைக்கு வந்தவை சதுர அலை ரகம். அந்தச் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். அந்த யூ.பி.எஸ்.களை இன்னும் சிலர் விடவில்லை. யாராவது "ஹம்மிங் வருதுங்க" என்றால், லைன் கரண்டில் வருகிறதா, யூ.பி.எஸ்.-ல் மட்டுமா என்று கேட்டுக்கொள். லைனிலும் வந்தால் டிஷ் ஒயரையும் கேபிள் ஒயரையும் கழற்றிப் பார். கழற்றியதும் நின்றால் எர்த் லூப். அதற்காக சப்வூஃபரின் எர்த் பின்னை உடைக்கிற ஆட்கள் உண்டு. ஹம் நிற்கும், உண்மைதான். ஷாக் அடிக்கிற நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது. நீ அதைச் செய்யாதே.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ தூக்கி வந்த பெட்டிகள் தனி வகை. அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். எந்தப் பெட்டி வந்தாலும் பின்பக்க லேபிளைப் படித்துவிட்டே பிளக்கைத் தொடு.

அடுத்தது ப்ரொடெக்ஷன். சிவப்பு விளக்கு சிமிட்டும், ரிலே 'க்ளிக்' என்று விழும், பெட்டி அடங்கிவிடும். வாடிக்கையாளர் "செத்துப்போச்சுங்க" என்பார். உண்மையில் தன்னையும் ஸ்பீக்கரையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது நின்றிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய். அடங்காமல் ஓடினால் குற்றம் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. பின்பக்க டெர்மினலில் ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் போதும். ஒவ்வொரு ஒயரையும் மீட்டரில் அள. எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறு ஓம் பக்கம் காட்டும்; பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். பல வீடுகளில் இத்தோடு வேலை முடிந்துவிடும், மூடியைத் தொடவே வேண்டாம்.

ஒயரைக் கழற்றியும் அடங்கினால் உள்ளே அவுட்புட் பக்கம் பார்க்க வேண்டும். சீரிஸ் லேம்ப் இல்லாமல் கரண்ட் கொடுக்காதே. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு: சத்தம் வர வேண்டும் என்பதற்காக ப்ரொடெக்ஷன் ரிலேயை பைபாஸ் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவுட்புட்டில் டி.சி. வந்தால் அது நேராக வாய்ஸ் காயிலுக்குப் போய் எரிக்கும். சில சமயம் ஸ்பீக்கரோடு நிற்காது.

டிரான்சிஸ்டர் மாற்றுவதாக இருந்தால் போலிகளைக் கவனி. நம் பக்கத்து ஆம்ப் எல்லாவற்றிலும் குடியிருக்கும் 2எஸ்.சி.5200, 2எஸ்.ஏ.1943 ஜோடியைத்தான் சொல்கிறேன். ஒரிஜினல் 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கும். அதே நம்பர் அச்சடித்த போலிகளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப் கடுகளவு இருக்கும். மெதுவாகப் பாடும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடி வால்யூமை ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும். மொத்தமாக வாங்கினால் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு மற்றதைப் போடு. ஜோடியாக மாற்று, டிரைவரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் சோதி, பெட்டி சூடான பிறகு பயாஸைச் சரிசெய்.

அவ்வளவும் முடிந்த பிறகு, அது ஏன் வெந்தது என்று கேள். பாதிக்கு மேல் பதில் டிவி யூனிட்டில் இருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, பெட்டிக்கு மேல் செட்-டாப் பாக்ஸ், அதற்கு மேல் ஒரு சரிகைத் துணி. எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சரின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. மூச்சு விட இடம் கொடுத்த பெட்டி பத்து வருடம் ஓடும். மூடி வைத்தது நாலு வருடத்தில் சத்தம் கரகரக்கும். நம் ஊரில் இதோடு பஞ்சுத் தூசியும் சேரும். தறி, நிட்டிங் நடக்கும் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் ஹீட் சிங்கில் பஞ்சு மெத்தை போட்டிருக்கும். லேத் பக்கத்து வீடென்றால் இரும்புத் தூசி. அது கரண்ட் கடத்தும், இன்னும் மோசம். வாடிக்கையாளருக்கு இதைப் புரிய வைக்க டிகிரிக் கணக்கு உதவாது. "ஓடற மோட்டார் மேல சாக்குப் போட்டு மூடுவீங்களாங்க?" என்று கேள். இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வீட்டையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கவும் கூடாது. கம்பெனி செய்த குற்றமும் உண்டு. அந்த வரலாறு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓன்கியோவின் 2009 முதல் சில ஆண்டுகள் வந்த பல மாடல்களில் திடீரென்று சத்தம் நின்றுபோகும், நெட்வொர்க் காணாமல் போகும். ஹெச்.டி.எம்.ஐ. போர்டில் இருந்த ஒரு சிப் செய்த வேலை அது. கம்பெனி ஒப்புக்கொண்டு 2018 இறுதி வரை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தச் சிப்பை ஹாட் ஏரில் காய்ச்சி உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் பாடும், பிறகு திரும்பவும் ஊமையாகும். அதை ரிப்பேர் என்று சொல்லிக் காசு வாங்காதே. "இது தற்காலிகம்" என்று முதலிலேயே சொல், இல்லையேல் செய்யாதே.

2020-இல் இன்னொன்று நடந்தது. டெனான், மராண்ட்ஸ், யமஹா மூன்றும் புது ஹெச்.டி.எம்.ஐ. 2.1 ரிசீவர்களை விற்க ஆரம்பித்தன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை மாட்டி 4கே, 120 ஹெர்ட்ஸ் வைத்தால் திரை கறுத்தது. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே சிப், அந்த சிப்பில் பிழை. டெனானும் மராண்ட்ஸும் இலவச அடாப்டர் பெட்டி கொடுத்தன. யமஹா போர்டையே மாற்றிக் கொடுத்தது. இது தெரியாத ஒருவன் வாடிக்கையாளரை நாலு விதமான கேபிள் வாங்க வைத்திருப்பான். தெரிந்தவன் மாடல் நம்பரைப் பார்த்ததுமே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருப்பான். அப்படி அனுப்பிய வாடிக்கையாளர் அடுத்த வேலைக்கு உன்னிடம்தான் வருவார்.

கம்பெனிகளும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓன்கியோ 2022 மே மாதம் ஜப்பானில் திவால் மனு கொடுத்தது. டெனானும் மராண்ட்ஸும் அதே ஆண்டு மாசிமோ கம்பெனி கைக்குப் போய், 2025-இல் ஹார்மனிடம் வந்தன. பெயர்ப் பலகை அப்படியே இருக்கும், ஸ்பேர் கிடைக்கும் வழி மாறும். எஸ்டிமேட் எழுதுமுன் பாகம் கிடைக்குமா என்று போன் போட்டுக் கேட்டுவிடு.

இனி சரவணம்பட்டிப் பக்கத்துப் புகார்கள். "படம் வருது, சத்தம் வரலீங்க." "டிவியை அணைச்சா ஆம்ப்பும் அணையுது." "உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்." இவற்றில் பெரும்பாலும் எந்தப் பாகமும் சாகவில்லை. 2002-இல் ஹெச்.டி.எம்.ஐ. வந்ததிலிருந்து படமும் சத்தமும் பூட்டும் ஒரே ஒயரில் போகின்றன. டிவி தன்னால் என்ன முடியும் என்று சொல்ல வேண்டும், பெட்டி கேட்க வேண்டும், நடுவில் காப்பி தடுப்புப் பூட்டு திறக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினால் கறுப்புத் திரை. எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, டிவி, ரிசீவர், பிறகு மற்றவை என்று வரிசையாக ஆன் செய்தால் பாதிக் கேஸ் தீரும். ஒன்றை அணைத்தால் இன்னொன்று அணைவதற்கு சி.இ.சி. காரணம். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். வேண்டாதவருக்கு மெனுவில் அணைத்துக் கொடு. பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தவில்லை என்று புதுசு வாங்கக் கிளம்புகிறவரை ஒரு நிமிடம் நிறுத்து. பிளேயரை நேராக டிவியில் மாட்டி, சத்தத்தை மட்டும் ஏ.ஆர்.சி. வழியாக ரிசீவருக்குத் திருப்பலாம். நாற்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும் இடத்தில் விசிட்டிங் சார்ஜ் கேட்க நீ கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் ஊர் அசெம்பிள் செட்களைக் கீழாகப் பார்க்காதே. 4440, டி.டி.ஏ.7294 ஐ.சி. போட்ட ஆம்ப்புகள் இன்னும் வீடுகளில் பாடுகின்றன. அதன் சர்க்யூட் உன் தலையில் இருக்கிறது, ஐ.சி. கடையில் இருக்கிறது. விலை உயர்ந்த ரிசீவருக்கு இரண்டும் இருப்பதில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை' போர்ட்டலைத் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான். ஆனாலும் சர்வீஸ் மேனுவலும் ஸ்பேரும் உன் மேசைக்கு வந்து சேரும் வரை "இது என்னால் ஆகாது" என்று சொல்லும் தைரியமும் உனக்கு வேண்டும்.

வாட்ஸ் கணக்கிலும் நேர்மையாக இரு. முன்னால் ஏழு சேனல், ஆளுக்கு 150 வாட்ஸ் என்று போட்டிருக்கும். பின்பக்க லேபிளில் மொத்த மின் செலவு 500 வாட்ஸ் என்றிருக்கும். சுவரிலிருந்து எடுக்காததை ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. ஒரு சேனல், இரண்டு சேனல் மட்டும் ஓட்டிப் பார்த்து எழுதிய எண் அது. இதை விளக்கிவிட்டால், "வாட்ஸ் குறையுது, ரிப்பேர் பண்ணுங்க" என்று வருகிறவரிடம் பொய்யாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

தொழில் நடத்தும் முறை பற்றி ஒன்றே ஒன்று. செக்கிங் சார்ஜை முதலிலேயே சொல், எஸ்டிமேட்டை எழுதிக் கொடு, கழற்றிய பாகத்தைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஜாப் கார்டில் மூன்று வரி எழுது: எது செத்தது, ஏன் செத்தது, வீட்டில் எதை மாற்ற வேண்டும். முதல் வரியை எந்தக் கடையிலும் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாவது தெரியாவிட்டால் "காரணம் தெரியவில்லை" என்றே எழுது. யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மூன்றாவது வரியை மட்டும் படித்துக் காட்டிவிட்டுப் பெட்டியைக் கையில் கொடு. பழைய அலமாரிக்கும் பழைய பிளக்குக்கும்தான் அது திரும்பிப் போகிறது.

கடை திறக்கும் நாளைச் சொல்லி அனுப்பு. வருகிறேன்.

இப்படிக்கு,
சத்தி ரோட்டுப் பழைய ரிப்பேர்காரன்