கடல் வழிவிடும் நேரம்

மாணவர்களே! கரையில் நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். கடலின் தரைமீதே நடந்ததுண்டா? குஜராத் மாநிலத்தில், ஜாம்நகருக்கு அருகே கட்ச் வளைகுடாவில் உள்ள நராராவில் அது இயலும். இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா 1982ஆம் ஆண்டு இவ்வளைகுடாவில் உருவாக்கப்பட்டது. நராரா அதன் ஒரு பகுதியாகும்.

நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால், இங்குக் கடல்நீர் நாள்தோறும் இருமுறை உயர்ந்து, இருமுறை தாழ்கிறது. இவற்றை உயர் ஓதம், தாழ் ஓதம் என்பர். தாழ் ஓதத்தின்போது நீர் நெடுந்தொலைவு விலகும். கண்டல் மரங்களுக்கு அப்பால் பவளத்திட்டு வெளிப்படும். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஆகவே, ஓத அட்டவணையைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். நீர் திரும்பும் முன் நாம் திரும்பிவிட வேண்டும்.

குழிகளில் தேங்கிய நீரில் நண்டுகள் ஊர்ந்து செல்லும். அச்சுறும்போது உடலை உப்பவைக்கும் பேத்தை மீனையும் அங்குக் காணலாம். எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாய், பாறையின் நிறத்தைத் தானும் ஏற்று ஒளிந்திருக்கும்.

பவளம் கல்லைப்போல் தோன்றினும் கல்லன்று. மிகச் சிறிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து அதனைக் கட்டுகின்றன. சில வகைப் பவளங்கள் ஓராண்டில் சில மில்லிமீட்டர் அளவே வளரும். கவனமின்றி வைக்கும் ஓர் அடி, பல்லாண்டு வளர்ச்சியை நொறுக்கிவிடும். எனவே, வழிகாட்டி காட்டும் தடத்திலேயே நடத்தல் வேண்டும்.

பவளம் அழிந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகள், 1986ஆம் ஆண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகள் பல காலம் வெட்டப்பட்டன. அலைகளைத் தடுக்கும் அரண் குறைந்தது, கரை அரிக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகளும் நீருள் மூழ்கின.

2001ஆம் ஆண்டு பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. நினைவுக்காக ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றமே. கடல் நமக்குச் சிறிது நேரம் வழிவிடுகிறது. அவ்வீட்டில் நாம் விருந்தினர். கண்டு மகிழ்ந்து வெறுங்கையுடன் திரும்புவதே முறை.

சொற்பொருள்
ஓதம் – கடல்நீர் உயர்ந்து தாழ்தல்
கண்டல் – உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரவகை
அரண் – காவல்

பயிற்சி
1. பவளம் கல்லன்று என்பதை விளக்குக.
2. இரு தீவுகள் மூழ்கியதற்குக் காரணம் யாது?
3. இன்று தாழ் ஓதம் காலை 9.10 மணிக்கு எனில், நாளை ஏறத்தாழ எத்தனை மணிக்கு நிகழும்?
4. பிரித்து எழுதுக: இவ்வளைகுடா, பல்லாண்டு, வெறுங்கை.
5. பேத்தை, கணவாய் போன்று உங்கள் சொந்த ஊரில் வழங்கும் மூன்று கடலுயிர்ப் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.