தை பிறந்தது: செய்யாற்றங்கரையில் நடக்க இதுவே நாள்

தேவிகாபுரம் சுற்றுவட்டாரத்தில் மலையேறவும் கோயில், குகை, நடுகல் பார்க்கவும் வருவோருக்கான பருவகால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. செய்யாற்று மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும் காலம் இது. வயல்களில் சம்பா அறுப்பு. விடியலில் பனி, பிறகு பகல் முழுக்க இதமான வெயில். ஜவ்வாது மலையடிவாரம் தொடங்கிப் போளூர், தேவிகாபுரம், சேத்துப்பட்டு வரை பரந்து கிடக்கும் இந்த ஆற்றுப்படுகையை நடந்து பார்க்க ஆண்டில் இதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஆனால் நாள் அதிகமில்லை. பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். ஆகவே மலை ஏற நினைப்பவர்கள் தைக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். மாசியைச் சமவெளிக் கோயில்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலைபடுகடாம் படியுங்கள்

இந்த ஆற்றுக்கு ஒரு வழிகாட்டி நூல் சங்க காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்லும் பாட்டு. 583 அடிகள். சேயாறு என்று அதில் வருவது இந்தச் செய்யாறுதான். நவிரம் என்று வரும் மலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அந்தப் பாட்டின் எச்சரிக்கைகளை இன்றைக்கும் மாற்ற வேண்டியதில்லை. பாசி படிந்த பாறையில் பற்றுக்கோடு இல்லாமல் கால் வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், இருட்டில் நடக்காதீர்கள். பொழுது சாய்ந்தால் குகையில் தங்கி விடிந்தபின் கிளம்புங்கள். வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து போட்டு, பின்னால் வருபவருக்கு அடையாளம் வையுங்கள். கையடக்கப் பதிப்பு கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். படித்த வரி கண்ணெதிரே பாறையாக நிற்கும்போது அதன் பொருள் தானே விளங்கும்.

தேவிகாபுரம்: வெயிலுக்கு முன் மலை, பிறகு அம்மன்

தேவிகாபுரம் போளூர் – சேத்துப்பட்டு சாலையில் இருக்கிறது. ஆரணியிலிருந்தும் பேருந்து உண்டு. ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயில். மலை உச்சியில் கனககிரீசுவரர். அம்மன் கீழேயும் சுவாமி மேலேயுமாகத் தனித்தனிக் கோயில் கொண்ட ஊர் இது. கிழங்கு தோண்டிய வேடனின் ஆயுதம் லிங்கத்தில் பட்டு இரத்தம் கசிந்ததென்றும், காயம் ஆற வெந்நீர் ஊற்றினார்களென்றும் சொல்வார்கள். இன்றும் மலைமேல் சுவாமிக்கு வெந்நீரில்தான் அபிஷேகம்.

பொழுது புலர்ந்ததும் படியேறுங்கள். பனி ஈரத்தில் தேய்ந்த படி வழுக்கும், செருப்பும் கூடாது என்பதால் நிதானமாக ஏற வேண்டும். மேலே நின்று பார்த்தால் ஏரிகளும் பச்சை வயல்களும், மேற்கே ஜவ்வாது மலைத்தொடரும் தெரியும். வெயில் ஏறுமுன் இறங்கி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். விஜயநகரக் காலக் கட்டடம். சுவர்களில் நிறையக் கல்வெட்டுகள். அவற்றின்மேல் விபூதி, குங்குமம் தடவுவதையும் சாக்பீஸால் தேய்த்துப் படிப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாய்வான காலை வெளிச்சத்தில் எழுத்துகள் தாமாகவே தெளிவாகத் தெரியும்.

நெசவுத் தெருவில் நடக்கும்போது

ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளில் எத்தனையோ இந்த ஊர்த் தறியில் நெய்தவை. மழைக்காலத்தில் குழித்தறிக்குள் ஈரம் ஏறும், தெருவில் பாவு நீட்ட முடியாது, வேலை தடைபடும். தை பிறந்தால்தான் நெசவாளிக்கு மூச்சு வரும். முகூர்த்த மாதம் என்பதால் கை ஓயாத வேலையும் வரும்.

அதிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கலாம். தலைமுடியைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே விரிப்பாக, விறைப்பாக நிற்கும். குடும்பமே இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தோய்த்து, அறுந்த இழையை விரல் நுனியில் பிடித்து முடிச்சுப் போடும். வெயில் கடுமையாகுமுன் முடிக்க வேண்டிய வேலை. ஓர் இழையை அவசரமாகத் தாண்டிப் போனால் ஒரு வீட்டின் அரைநாள் உழைப்பு போய்விடும். எனவே பாவுக்குக் குறுக்கே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். வியர்த்த கையால் பட்டைத் தொடாதீர்கள், கறை படியும். படம் எடுக்குமுன் கேளுங்கள். தறி பார்க்க விரும்பினால் திண்ணையில் உட்கார்ந்து, “அண்ணே, கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் மோரும் வரும்.

அடுத்த நாட்களுக்கு

*திருமலை:* போளூர் – ஆரணி சாலையில் வடமாதிமங்கலத்துக்கு அருகில். சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் ஏறத்தாழ 16 மீட்டர் உயரச் சிலை, குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயம், ஓவியம் தீட்டிய குகைகள், முதலாம் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைச் சொல்லும் பாறைக் கல்வெட்டு எல்லாம் ஒரே குன்றில் இருக்கின்றன. ஓவியங்களுக்குப் பக்கத்தில் பிளாஷ் வேண்டாம்.

*செங்கம் பக்கம்:* நடுகற்களின் நாடு. இப்பகுதி நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது.

*கலசபாக்கம்:* ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அன்று ஆற்று மணலில் கூட்டம் நெருக்கும். குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள்.

*கிழக்கே:* நெடுங்குணத்தில் அமர்ந்த கோலத்தில் இராமர். சேத்துப்பட்டில் லூர்து மாதா ஆலயம், மாதா திருநாள் பிப்ரவரி 11.

எங்கே உட்காரலாம்?

நடந்து வருபவருக்கு உட்கார இடம் காட்டும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் மேல்நடுப் பள்ளத்தாக்கு 2002இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு மேலே கோட்டைகள், நடுவே நடைவழி. திராட்சை பயிரிடும் குடும்பத்தார் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வாசலில் துடைப்பமோ தழைக்கொத்தோ கட்டுவார்கள். இங்கே உட்காரலாம், எங்கள் வீட்டு மதுவும் ரொட்டியும் கிடைக்கும் என்பதற்கு அதுவே அடையாளம்.

நமக்கு இது புதிதில்லை. மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலும், தினைச்சோறும், ஆயர் வீட்டுப் பாலும் கூத்தர்களுக்குக் கேட்காமலே கிடைக்கின்றன. இன்று தேறலின் இடத்தில் நீர்மோர், கரும்பு, அவித்த வேர்க்கடலை. நடைவழியில் மது வேண்டாம். பாறையிடுக்கில் உடைந்த பாட்டிலை மிதிப்பவர் நாளை வெறுங்காலோடு வரும் பக்தராகத்தான் இருப்பார்.

வட ஆர்க்காட்டுப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைத் தேடிப் பாருங்கள். நட்டு நிற்கும் இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், ஆள் உயரத்தைவிடச் சற்றுக் குறைவு. தலைச்சுமையோடு வருபவர் யார் கையும் உதவாமல் சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். மீண்டும் குனியாமல் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாத சுமையை எண்ணி நட்ட கல் அது என்பார்கள். அதன்மேல் ஏறி உட்காராதீர்கள். பக்கத்து மர நிழலில் உட்காருங்கள்.

மற்ற இடங்கள்: கோயில் மண்டபம் (நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்), ஏரிக்கரை ஆலமரம், அறுப்பு இல்லாத களம். சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் ஓரமாக நடங்கள்.

பர்வதமலை ஏறுவோருக்கு

4,500 அடிக்கு மேல் உயரம். தென்மகாதேவமங்கலம், கடலாடி என இரண்டு பக்கமும் வழி உண்டு. உச்சிக்கு அருகில் செங்குத்துப் பாறை. கடப்பாரைகளையும் சங்கிலியையும் பற்றித்தான் ஏற வேண்டும்.

– முதல் நாளே வனத்துறையிடம் ஏறும் நேரம், அனுமதி பற்றிக் கேளுங்கள்.
– தனியாக ஏறாதீர்கள். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடுங்கள்.
– ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். மேலே கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.
– மலைத்தேன் அடை கண்ணில் பட்டால் புகை, கற்பூரம், வாசனைத் திரவியம், கூச்சல் எதுவும் வேண்டாம்.
– திடீர் மழை பெய்தால் ஓடையைக் கடக்காதீர்கள், காத்திருங்கள். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்ததை மறக்கலாகாது. நனைந்த மலை மழை நின்ற பிறகும் சரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மழைக்குப் பின்னும் பனிக்காலத்திலும் வட மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கூடும். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. முழுக்கால் சட்டை போடுங்கள். புல்லில் நேராகப் படுக்காமல் விரிப்பு போடுங்கள். வீடு திரும்பியதும் குளித்துத் துணியைத் துவையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருகிய பொருக்கு போன்ற புண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் “மலைக்குப் போய்வந்தேன்” என்று கட்டாயம் சொல்லுங்கள். நேரத்தில் கண்டறிந்தால் எளிய மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

மாசி பிறந்துவிட்டால்

மழையில் வளர்ந்த புல் காய்ந்து மலை முழுக்கச் சருகாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த தீயில் மலையேறிகள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டமும் அடுத்த ஆண்டே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வழிகளை மூடியது. அந்த நாட்களில் காட்டுப் பக்கம் போகாதீர்கள். தை மாதத்திலும் மலையில் அடுப்பு மூட்டாதீர்கள், பீடி, சிகரெட் கொண்டுபோகாதீர்கள். பங்குனி உத்திரத்துக்குத் தேவிகாபுரம் வருபவர்கள் வெயிலுக்கு முன்போ மாலையிலோ மலைப்படி ஏறுங்கள்.

கிளம்புமுன் கடைசியாக ஒன்று

வரும் வழியில் வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லையோ, சாலை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்ட சுமைதாங்கியையோ பார்ப்பீர்கள். நகர்த்தாதீர்கள், சுண்ணாம்பும் மஞ்சளும் பூசாதீர்கள். இடம் தெரியும்படி இரண்டு படம் எடுத்து, அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள். கூத்தர்கள் பிரிவழியில் புல்லை முடிந்து வைத்தார்களே, நம் காலத்தில் நாம் போடும் முடிச்சு இதுதான். அடுத்த தையில் வருபவர்களுக்கும் அந்தக் கல் அங்கேயே இருக்க வேண்டும்.