செபிக்க அழைக்கப்பட்டவர் யார்?

'தேவ அழைத்தல்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர் மனக்கண்முன் வருவன குருமடமும் கன்னியர் மடமுமே. ஒரு வீட்டுப் பிள்ளை குருமடம் போனால், "அவனுக்கு அழைத்தல் இருக்கிறது" என்று ஊரே மகிழ்கிறது. நல்லது. ஆனால் அவனைப் பெற்ற தாய்க்கு அழைத்தல் இல்லையா? விடியற்புறம் வள்ளத்தில் ஏறும் அவன் தமையனுக்கு இல்லையா? பாயில் கிடந்தபடி செபமாலை உருட்டும் பாட்டிக்கு இல்லையா?

இக்கேள்விக்கு நம்மில் பலர் தரும் விடை, "சுவாமிதான் செபிக்க வேண்டியவர், நாங்கள் பூசை காண வேண்டியவர்கள்" என்பதாகும். வாய்விட்டுச் சொல்லாதவர்களும் நடைமுறையில் அப்படியே வாழ்கிறார்கள். இந்த எண்ணம் திருச்சபையின் போதனை அன்று. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் யாழ்ப்பாண மண்ணின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது.

ஞானஸ்நானத்தில் கிடைத்த அழைத்தல்

பண்ணைக் கடலைக் கடந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் தீவு மண்டைதீவு. அங்குள்ள ஆலயத்தின் பாதுகாவலர் புனித பேதுருவானவர். நம் பாட்டன் பாட்டிமாரின் நாவில் இராயப்பர். கடற்றொழிலாளர் வாழும் ஊருக்கு ஒரு கடற்றொழிலாளரே பாதுகாவலராக வாய்த்தது மிகப் பொருத்தம்.

அந்த இராயப்பர் எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விசுவாசிகள் எல்லாரையும் அவர் அரச குருத்துவக் கூட்டம் என்று அழைக்கிறார். அந்நிருபத்தை அவர் குருக்களுக்கு மட்டும் எழுதவில்லை. சின்ன ஆசியாவில் சிதறி வாழ்ந்த சாதாரணக் குடும்பங்களுக்கு எழுதினார். அவர்களுள் அடிமைகளாக ஊழியம் செய்தோரும், விசுவாசியாத கணவரோடு வாழ்ந்த பெண்களும் இருந்தனர். நான்காம் அதிகாரத்தில், ஒவ்வொருவரும் தாம் பெற்ற வரத்தைக் கொண்டு மற்றவர்க்குப் பணிபுரியவேண்டும் என்று கேட்கிறார். 'சிலர்' என்று அவர் சொல்லவில்லை, 'ஒவ்வொருவரும்' என்கிறார். இதைக் கவனிக்க வேண்டும்.

ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் உச்சியில் பரிசுத்த தைலம் பூசப்படுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் பணியில் அக்குழந்தைக்குப் பங்கு உண்டு என்பதே அதன் பொருள். 1964 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு இதே உண்மையைத் தெளிவாக்கியது. அந்த ஏட்டில் இறைமக்களைப் பற்றிய அதிகாரம் முன்னே நிற்கிறது. ஆயர்களையும் குருக்களையும் பற்றிய அதிகாரம் அதன் பின்னரே வருகிறது. திருநிலைப்பட்ட குருத்துவம் வேறு, விசுவாசிகளின் பொதுக் குருத்துவம் வேறு. முன்னது பின்னதற்குப் பணிபுரியவே கொடுக்கப்பட்டது. ஆகவே குருவானவர் செபிப்பது மக்கள் செபிக்காமல் இருப்பதற்காக அன்று, அவர்களும் செபிப்பதற்காகவே.

குருக்கள் இல்லாத இருபத்தொன்பது ஆண்டுகள்

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. யாழ்ப்பாணத்தோடு தீவகமும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒல்லாந்தரின் சபையிலேயே பதியவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

1687 இல் கோவையிலிருந்து புனித யோசேவ் வாஸ் அடிகளார் வந்து சேரும்வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் நம் மக்களுக்குத் தங்களோடு தங்கி வாழும் மேய்ப்பர் இல்லை. அக்காலத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளைகளைப் பெற்றிருக்கும். பூசையை ஒரு தடவையேனும் கண்டிராது.

அடிகளார் ஏழைக் கூலியாளைப் போல வேடமிட்டு வந்தார். கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்பதைக் கொண்டே அவர் விசுவாசிகளைத் தேடினார். தேடியவர் கண்டும் கொண்டார். விரைவில் சில்லாலை அவருக்கு உறைவிடமாயிற்று.

அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். அந்தச் செபமாலையை அடையாளம் காண நம் முன்னோருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? குருவானவர் இல்லை. மறைக்கல்விப் பாடசாலை இல்லை. ஆலய மணி இல்லை. வீட்டிலே, கதவைச் சாத்திக்கொண்டு, பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் பிள்ளைகளின் காதில் ஓதிய தாய்மாரும் தகப்பன்மாருமே அதைக் கற்பித்தார்கள். செபம் சுவாமியின் வேலை என்று அவர்கள் எண்ணியிருந்தால், அடிகளார் வந்து தேடியபோது அடையாளம் காண ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

அவர்களின் செபத்துக்கு விலையும் இருந்தது. 1689 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் மறைவாகக் கூடியிருந்த கத்தோலிக்கர் சுமார் 300 பேரை ஒல்லாந்தப் படையினர் பிடித்தனர். சிலர் கடுந்தண்டனை அடைந்து உயிர் துறந்தனர். வாஸ் அடிகளாரைத் திருச்சபை 1995 இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் பிரகடனம் செய்தது. அவரைக் கொண்டாடும் நாம், அவர் வருவதற்கு முன்னரே விளக்கை அணையாது காத்த அந்தப் பெயரறியாத குடும்பங்களையும் மறத்தல் ஆகாது.

தனிச் செபமும் பொது வழிபாடும்

அப்படியானால் வீட்டுச் செபமே போதும், ஆலயம் வேண்டாம் என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அதுவும் தவறு. அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு தந்தையிடம் செபிக்கும்படி ஆண்டவர் மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில் பணித்தார். அதே ஆண்டவர்தான் இராவுணவின்போது சீடர்களை ஒரே பந்தியில் கூட்டி, தம் நினைவாக இதைச் செய்யும்படி கட்டளையிட்டார். தனிச் செபம் வேர் என்றால் திருப்பலி கனி. வேரற்ற மரத்தில் கனி இராது. கனியை வேண்டாத மரத்தை யாரும் நட்டு வளர்ப்பதும் இல்லை.

குருக்கள் இல்லாத காலத்தில் நம் முன்னோர் செபித்ததும் பூசை வேண்டாம் என்பதற்காக அன்று. பூசைக்காக ஏங்கியே செபித்தார்கள். அதனாலேயே குருவானவர் ஒருவர் வந்தபோது, உயிராபத்தையும் பாராது நள்ளிரவில் கூடினார்கள்.

"எங்கள் வீட்டில் தனியறை ஏது?" என்று கேட்பவர் உண்டு. ஆண்டவர் குறிப்பிட்ட அறை சுண்ணாம்பாலும் கல்லாலும் கட்டியது மட்டுமன்று. கரையில் அமர்ந்து வலை பொத்தும் வேளையும், அடுப்படியில் கஞ்சி கொதிக்கக் காத்திருக்கும் வேளையும் அந்த அறை ஆகலாம். அதன் கதவு நம் உள்ளம். அதைச் சாத்துவதும் திறப்பதும் நம் கையிலேயே உண்டு.

வரங்கள் எதற்கு?

பரிசுத்த ஆவியானவரின் கொடைகளை இருவகையாகப் பார்ப்பது திருச்சபையின் வழக்கம். ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம் ஆகிய ஏழும் நம்மைப் பரிசுத்தராக்கத் தரப்படுபவை. உறுதிபூசுதலில் இவற்றுக்காக விசேடமாக மன்றாடுகிறோம். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரிசைப்படுத்தும் வரங்களோ வேறு. போதித்தல், குணமாக்குதல், பரவசப்பேச்சு முதலிய அவை மற்றவரின் நன்மைக்காகவே ஒருவரிடம் ஒப்படைக்கப்படுபவை.

ஒரு வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நீரோட்டம் அறிந்தவர். ஒருவர் வலை இழுப்பதில் வல்லவர். இன்னொருவர் கரையிலிருந்து வலை பொத்துபவர். அவர் கடலுக்கே போவதில்லை. ஆனால் அவர் தம் வேலையை விட்டால் மற்ற இருவரும் வெறுங்கையோடுதான் திரும்புவர். பங்கும் அப்படியே. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் பெரியவருக்கு ஒரு வரம் உண்டு. 1705 இல் இலங்கை வந்து 1742 இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் அந்த நூலை, தலைமுறை தலைமுறையாக உயிரோடு காத்தவை இத்தகைய குரல்களே. பாட்டுக்காரருக்கு ஒரு வரம், பிணக்குத் தீர்ப்பவருக்கு ஒரு வரம், செத்த வீட்டில் வார்த்தை அதிகம் பேசாமல் அருகில் அமர்ந்திருக்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஒரு வரம். "எனக்கு ஒரு வரமும் இல்லை" என்று சொல்பவர் தாழ்மையுள்ளவர் அல்லர். கொடுத்தவரின் கையை இன்னும் பார்க்காதவர்.

வாழ்நாள் முழுவதையும் செபத்துக்கே ஒப்புக்கொடுக்கும் வரம் பெற்றோரும் உளர். நம் மண்ணின் மைந்தர் தோமஸ் அடிகளார் 1928 இல் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபை இதற்குச் சான்று. அவர்களின் மௌனமும் தவமும் நம் கடமையை நீக்கிவிடுவதில்லை. அதை நமக்கு நினைவூட்டுகின்றன.

வரங்களைச் சோதித்தறிதல்

1967 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் மாணவர் சிலரின் தியானத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் உலகெங்கும் பரவியது. அதனால் செபத்தில் சூடு கண்ட குடும்பங்கள் பல. அதேவேளை, பரவசத்தையும் அற்புதத்தையும் மட்டும் தேடிக் கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்து, தம் பங்கையே மறந்தோரும் உண்டு. பொதுச் சங்கம் இங்கே நடுநிலையான வழியைக் காட்டுகிறது: வரங்களை நன்றியோடு ஏற்கவேண்டும், அசாதாரணமானவற்றை அவசரப்பட்டு நாடலாகாது, அவற்றின் உண்மையைத் தீர்ப்பிடும் பொறுப்பு மேய்ப்பர்களுடையது, அவர்களும் ஆவியை அணைத்துவிடலாகாது.

எளிய சோதனைகள் மூன்று உண்டு. இந்த வரம் என்னை உயர்த்துகிறதா, சபையைக் கட்டியெழுப்புகிறதா? என் நாவில் அன்பு பெருகுகிறதா, அடுத்தவரைக் குறித்த தீர்ப்புப் பெருகுகிறதா? என் குடும்பக் கடமையை நான் மேலும் நன்றாகச் செய்கிறேனா, அதிலிருந்து ஓடுகிறேனா? அன்பில்லாத வரம் வெறும் ஓசையே என்று சின்னப்பர் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கண்ணீரும் செபமே

மண்டைதீவைப் பற்றி எழுதும்போது அதன் காயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1986 யூன் 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர்த் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மக்கள் ஊர்களை விட்டு ஓடினர்; பிடிபட்டுக் காணாமற்போனவர்களின் உறவினர் இன்னும் விடை தேடுகின்றனர். 2006 ஆகஸ்டில் அயலூரான அல்லைப்பிட்டியில் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணைக்குப் பலியாகினர். அதே மாதம் 20 ஆம் நாள், அந்தப் பங்கின் குரு ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அவர் இன்றுவரை திரும்பவில்லை.

இத்தகைய வீட்டில் செபம் என்றால் என்ன? மகனின் படத்துக்கு முன் விளக்கேற்றி, "ஆண்டவரே, எங்கே அவன்?" என்று கேட்கும் தாயின் குரல் செபம் ஆகுமா? ஆகும். சங்கீதங்களில் பெரும்பகுதி இத்தகைய முறைப்பாடுகளே. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் தந்தை தம்மைக் கைவிட்டதேன் என்று உரக்கக் கேட்டார். அந்தத் தாயிடம், "அழாதே, விசுவாசமாயிரு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவள் அழுதுகொண்டே விசுவாசமாயிருக்கிறாள். அவளோடு முழந்தாளிடுவதும், அவள் கேள்வியை நம் கேள்வியாக்குவதும் ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உரிய அழைத்தல்.

இன்று நாம் செய்யக்கூடியது

இன்று நம்மைத் தடுக்கும் ஒல்லாந்தர் இல்லை. ஆலயக் கதவு திறந்திருக்கிறது. ஆயினும் அந்திச் செபத்தின் வேளையைத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் எடுத்துக்கொண்ட வீடுகள் பல. தீவகத்திலிருந்து பரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பார்கள்? நாம் இங்கே அவர்களுக்குக் கொடுத்ததையே. படை பலத்தாலும் பறிக்க முடியாததை நாம் சோம்பலால் இழக்கலாமா?

இந்த வாரம் குடும்பமாக அமர்ந்து பின்வருவனவற்றைச் சிந்தியுங்கள்:

1. நம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து செபிக்கும் வேளை எது? இல்லையேல், எந்த வேளையை அதற்கென ஒதுக்குவோம்?

2. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் தாம் காணும் ஒரு வரத்தைச் சொல்லட்டும். அதைப் பங்கில் எந்தப் பணிக்குக் கொடுக்கலாம்?

3. நம் ஊரில் துயரத்தில் இருக்கும் எந்தக் குடும்பத்தோடு இம்மாதம் சென்று செபமாலை சொல்வோம்?

செபமாலை அணிந்த பிச்சைக்காரர் ஒருவர் இன்று மாலை நம் வாசலில் வந்து நின்றால், நம் வீட்டுப் பிள்ளை அவரை அடையாளம் காணுமா? அதற்கான விடையைக் குருவானவர் நமக்காகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீடும் தானே சொல்லவேண்டும்.