1755இல் பிறந்த மூன்று பெண்கள்: உருவப்படத்தைச் சான்றாக வாசித்தல்

சமூக அறிவியல் பாடநூலில் உருவப்படம் இல்லாத வரலாற்றுப் பாடம் மிகக் குறைவு. மாணவர்கள் பாடத்தைப் படிப்பதற்கு முன்பே அந்த முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். தேர்வு முடிந்து ஆண்டுகள் மறந்துபோன பிறகும் முகம் நினைவில் நிற்கிறது. கல்வெட்டு, நாணயம், செப்பேடு ஆகியவற்றைச் சான்றுகள் என்று கற்பிக்கிறோம். அவற்றை யார் வெளியிட்டார், எதற்காக வெளியிட்டார் என்றும் கேட்கப் பழக்குகிறோம். உருவப்படமும் அதே கேள்விகளைத் தாங்கக்கூடிய சான்றுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தை ஒட்டி நான் இரண்டு பாடவேளைகளில் நடத்திவரும் ஒரு செயல்பாட்டை இங்குப் பகிர்கிறேன். இதன் அடிப்படை எளிமையானது. ஒரே மனிதரின் இரண்டு படங்களை அருகருகே வைத்தால், படம் என்பது முகத்தின் நகல் மட்டுமன்று, யாரோ ஒருவர் ஏதோ ஒரு நோக்கத்துடன் முன்வைக்கும் கூற்று என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

ஏன் இந்த மூவர்?

நான் தேர்ந்தெடுத்த மூவரும் 1755ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். பிரான்சின் அரசி மேரி அன்டாய்னெட் வியன்னாவில் பிறந்தார். சாரா சிடன்ஸ் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய குடும்பத்தில் பிறந்தார். ஓவியர் எலிசபெத் விஜே லெ புரூன் பாரிஸில் பிறந்தார். அரசவை, நாடக மேடை, ஓவியக்கூடம் என மூன்று வேறு உலகங்களில் இவர்கள் வாழ்ந்தார்கள். பெண்ணை அவள் தோற்றத்தைக் கொண்டே எடைபோட்ட காலம் அது. தம்மைப் பற்றிய படம் எப்படி அமைய வேண்டும் என்பது மூவருக்குமே வாழ்க்கைப் பிரச்சினையாக இருந்தது.

அரசவை: ஒரே அரசி, நான்கு படங்கள்

முதல் படம் 1783இல் வரையப்பட்டது. ஓவியர் விஜே லெ புரூன். அரசி மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்து, கையில் ரோஜாவுடன் நிற்கிறார். கிரீடமும் இல்லை, நகையும் இல்லை. பாரிஸில் நடந்த சலோன் என்னும் பொது ஓவியக் கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. அரசி உள்ளாடையுடன் காட்சி தருகிறார் என்றார்கள் சிலர். பிரான்சின் லியோன் நகரப் பட்டு நெசவை விட்டுவிட்டு அயல்நாட்டுத் துணியை உடுத்துகிறார் என்றும் குறை எழுந்தது. அக்காலத்தில் ஐரோப்பா சென்ற மெல்லிய மஸ்லினில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து சென்றது. டாக்கா மஸ்லினைப் பற்றி முன்வகுப்பில் படித்த மாணவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். வங்காளத்து நெசவும் பிரெஞ்சு அரசியலும் ஒரே படத்தில் வந்து சந்திக்கின்றன.

படம் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அதே ஓவியர் விரைந்து வேறொரு படம் வரைந்து கொடுத்தார். அதே ரோஜா, ஏறக்குறைய அதே நிலை. ஆனால் உடை பட்டாகவும், கழுத்தில் முத்துமாலையாகவும் மாறிவிட்டன. இந்த இரண்டையும் அருகருகே காட்டி, “ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடியுங்கள்” என்று சொன்னால் வகுப்பு முழுவதும் பங்கேற்கும். பிறகு, “முகம் மாறியிருக்கிறதா? பார்ப்பவர்களின் கோபத்தை மாற்றியது எது?” என்று கேட்கலாம்.

அடுத்த படம் 1787ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைர அட்டிகை மோசடி வெடித்திருந்தது. அந்த மோசடியில் அரசிக்குப் பங்கில்லை. ஆயினும் மக்கள் அவரையே குற்றவாளியாகப் பார்த்தார்கள். கெட்டுப்போன பெயரை மீட்க, அரசு சார்பில் ஒரு பெரிய ஓவியம் வரையச் சொல்லப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது அடி உயரமுள்ள இது இன்று வெர்செய்ல்ஸ் அரண்மனையில் உள்ளது. சிவப்பு வெல்வெட் உடையில் அரசி அமர்ந்திருக்கிறார். மகள் தாயின் தோளில் சாய்ந்து நிற்கிறாள். இளைய மகன் மடியில். மூத்த மகன் ஒரு தொட்டிலைச் சுட்டிக்காட்டுகிறான். தொட்டில் காலியாக இருக்கிறது. ஓராண்டு கூட நிறையாத கடைசிக் குழந்தை சோஃபி 1787 ஜூனில் இறந்துவிட்டதால் ஏற்பட்ட வெறுமை அது. பின்னணியில் நகைப்பெட்டகம் நிழலில் கிடக்கிறது. என் செல்வம் நகையன்று, என் குழந்தைகள்தாம் என்று அரசி சொல்வதாக அமைந்த படம் இது.

படம் நன்றாக இருந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. நாட்டின் நிதிநிலை சீர்குலைந்த அந்த ஆண்டில் அரசிக்கு ‘பற்றாக்குறைச் சீமாட்டி’ என்ற பட்டப்பெயர் பரவியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் புரட்சி வந்தது.

கடைசிப் படம் 1793 அக்டோபர் 16ஆம் நாளுக்குரியது. கில்லட்டினுக்கு வண்டியில் கொண்டு செல்லப்படும் அரசியை ழாக் லூயி டேவிட் பேனா மையால் சில கோடுகளில் வரைந்தார். கைகள் பின்னால் கட்டப்பட்டுள்ளன. முடி வெட்டப்பட்டிருக்கிறது. தலையில் சாதாரணக் குல்லாய். வாய் இறுகியிருக்கிறது, முதுகு மட்டும் நிமிர்ந்திருக்கிறது. அவருக்கு வயது 37. டேவிட் யார் என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் தேசிய மாநாட்டின் உறுப்பினர். பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்தவர். அப்படியானால் இந்தப் படம் உண்மையா, வெறுப்பா? என் வகுப்பில் இக்கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு அணிகள் உருவாகின்றன. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. “எந்தக் கோட்டைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்கிறேன்.

மேடை: தேவியும் சீமாட்டியும்

இங்கிலாந்தில் 1660க்குப் பிறகே பெண்கள் பொதுமேடையில் நடிக்கத் தொடங்கினர். அதன் பிறகும் நெடுங்காலம் நடிகை என்றால் சமூகத்தில் மதிப்புக் குறைவுதான். சாரா சிடன்ஸ் இருபது வயதில் லண்டன் டிரூரி லேன் அரங்கில் நடித்துத் தோல்வி கண்டார். பின்னர் வெளியூர் மேடைகளில் ஆறு ஆண்டுகள் உழைத்து, 1782இல் அதே அரங்குக்குத் திரும்பி லண்டனையே கட்டிப்போட்டார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே நடித்தார். குடும்பம் பெரிதும் அவர் வருமானத்தில் நடந்தது.

1784இல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவரைத் துன்பியல் நாடகத்தின் தேவதையாக வரைந்தார். மேகங்களுக்கிடையே அரியணை, பின்னால் நிழலாக இரண்டு உருவங்கள், ஒன்றின் கையில் குத்துவாள், மற்றொன்றின் கையில் கிண்ணம். ஓவியர் தம் கையொப்பத்தை அவர் உடையின் கரையிலேயே இட்டிருக்கிறார். மறு ஆண்டே தாமஸ் கெய்ன்ஸ்பரோ அவரை வேறு விதமாக வரைந்தார். நீலக் கோடிட்ட உடை, பெரிய கறுப்புத் தொப்பி, கையில் மென்மயிர் உறை. நடிகை என்பதற்கான எந்த அடையாளமும் அதில் இல்லை. யாரோ ஒரு செல்வந்தர் வீட்டுச் சீமாட்டி என்றே தோன்றும்.

பெயரைச் சொல்லாமல் இரண்டையும் காட்டி, “இவர்கள் யார்? என்ன வேலை செய்கிறார்கள்?” என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் இருவேறு பெண்கள் என்றே எழுதுகிறார்கள். ஒருவரே என்று தெரிந்ததும் எழும் பேச்சுதான் பாடத்தின் சாரம். ஒன்று அவர் கலையை உயர்த்துகிறது. மற்றொன்று நடிகையும் மதிப்புக்குரிய பெண்ணே என்கிறது. இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டன.

ஓவியக்கூடம்: தூரிகை பிடித்தவர்

விஜே லெ புரூனின் தந்தையும் உருவப்பட ஓவியர். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் இறந்தார். பதின்ம வயதிலேயே படம் வரைந்து குடும்பத்துக்கு உதவத் தொடங்கிய அந்தப் பெண், 1783 மே 31 அன்று அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அக்கழகத்தில் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அவர் கணவர் ஓவிய வணிகர் என்பதையே காரணம் காட்டி அவரைத் தடுக்கப் பார்த்தார்கள். அரசியின் ஆதரவால் கதவு திறந்தது. அதே நாளில் மற்றொரு பெண் ஓவியர் அடெலாய்ட் லபீல் கியாரும் சேர்க்கப்பட்டார்.

1782இல் அவர் தம்மையே வரைந்துகொண்ட படத்தில் வைக்கோல் தொப்பி அணிந்து, கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும் ஏந்தி நிற்கிறார். தாம் ஓர் ஓவியர் என்று ஊருக்குச் சொல்லும் படம் அது. மகள் ஜூலியை அணைத்தபடி வரைந்த 1786ஆம் ஆண்டுப் படத்தில் அவர் புன்னகைக்கிறார்; பற்கள் இலேசாகத் தெரிகின்றன. மறு ஆண்டு கண்காட்சியில் இதற்கும் கண்டனம் வந்தது. பல் தெரியச் சிரிப்பது கண்ணியமான ஓவியத்துக்கு ஒவ்வாது என்பது அக்கால எண்ணம். என் வகுப்பு மாணவிகள் இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதே என்று கேட்டுப் பழகிய காதுகள் அவை.

புரட்சி வெடித்ததும், அரசிக்கு நெருக்கமானவர் என்பதால் 1789 அக்டோபரில் மகளுடன் பிரான்சைவிட்டு வெளியேறினார். இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா என ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் தூரிகையையே நம்பிப் பிழைத்தார். 1802இல் நாடு திரும்பி, 1842இல் தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

வகுப்பறையில் நடத்தும் முறை

இப்படங்கள் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் திரையில் காட்டலாம். இல்லாத இடத்தில் வண்ண அச்சுப்படி ஒரு குழுவுக்கு ஒன்று போதும்.

முதல் பாடவேளையில் படங்களை மட்டும் கொடுங்கள். பெயரும் ஆண்டும் வேண்டாம். ஐந்து பேர் கொண்ட குழுக்கள் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதட்டும்.

1. படத்தில் என்னென்ன பொருள்கள் உள்ளன? (கண்ணால் கண்டது மட்டும்.)
2. இவர் யாராக இருக்கலாம்? எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?
3. இப்படத்தை வரையச் சொன்னவர் யாராக இருக்கலாம்?
4. யார் பார்ப்பதற்காக இது வரையப்பட்டிருக்கலாம்?
5. இவரைப் பற்றி இப்படம் சொல்லாமல் விட்டது என்ன?

முதல் கேள்வியில் அவசரப்பட வேண்டாம். ‘சோகமாக இருக்கிறார்’ என்று எழுதினால், “சோகத்தைக் காட்டுவது எது?” என்று திருப்பிக் கேளுங்கள். காண்பதையும் கருதுவதையும் பிரித்தறிவதே இச்செயல்பாட்டின் முதல் கற்றல் விளைவு.

இரண்டாம் பாடவேளையில் மேலே கண்ட செய்திகளைச் சொல்லி, தங்கள் விடைகளில் எவை நிற்கின்றன, எவை மாறுகின்றன என்று குழுக்களே திருத்தட்டும். ரொட்டி இல்லாத மக்களைக் கேக் சாப்பிடச் சொன்னவர் என்று மேரி அன்டாய்னெட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியைப் பற்றி இத்தகைய செய்தியை ரூஸோ எழுதியபோது மேரி அன்டாய்னெட் ஆஸ்திரியாவில் வாழ்ந்த சிறுமி. படத்தைப் போலவே சொல்லும் ஒருவர்மீது ஒட்டவைக்கப்படலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதற்காக அரசியை அப்பாவியாகக் காட்ட வேண்டியதில்லை. மக்களின் பசியும் வரிச்சுமையும் உண்மை. அரசவையின் செலவும் உண்மை. ஒருவர் செய்த தவற்றையும் அவர்மீது சுமத்தப்பட்ட பழியையும் தனித்தனியே எடைபோடக் கற்பதே நோக்கம்.

தொடக்கநிலை வகுப்புகளில் வரலாற்றுச் செய்திகள் தேவையில்லை. கெய்ன்ஸ்பரோவின் படத்தையோ தொட்டில் உள்ள படத்தையோ ஒரு நிமிடம் காட்டி மறைத்துவிட்டு, நினைவில் உள்ளதைச் சொல்லச் செய்யலாம். காலித் தொட்டிலைப் பற்றிக் குழந்தைகள் தாமே கேட்பார்கள். தமிழ்ப் பாடவேளையில், படத்தில் உள்ளவர் பேசுவதுபோல் ஐந்து தொடர்கள் எழுதச் சொல்லலாம்.

மதிப்பீடு

இதற்குத் தனித்தேர்வு வேண்டாம். பாடநூலில் உள்ள ஏதேனும் ஓர் உருவப்படத்தைத் தேர்ந்தெடுத்து, ஐந்து கேள்விகளையும் பொருத்தி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்கிறேன். சரியான விடைக்கு மதிப்பெண் இல்லை. விடைக்குக் காட்டும் ஆதாரத்துக்கே மதிப்பெண். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்படும் மாணவர்கள் பலர் இதில் முன்னால் நிற்கிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஒருவருக்குத் துணியின் மடிப்பையும் கண்ணின் பார்வையையும் கவனிக்கத் தடையேதும் இல்லையே!

நம் மாணவர்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்களைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஒரு படத்தைக் கொண்டே ஒரு பெண்ணைப் புகழ்கிறார்கள், இகழ்கிறார்கள். சிலர் அத்தகைய இகழ்ச்சிக்கு ஆளாகவும் செய்கிறார்கள். 1783இல் பாரிஸ் கண்காட்சியில் வெள்ளை உடையைப் பார்த்து எழுந்த கூச்சலுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. இந்தப் படத்தை எடுத்தவர் யார், யாருக்காக, இதில் விடுபட்டது என்ன என்று ஒரு நொடி நின்று கேட்கும் பழக்கத்தை வரலாற்று வகுப்பு தரமுடியும். இரண்டு பாடவேளைகளும் சில அச்சுப்படிகளும் அதற்குப் போதும்.