கட்டிப்போட்ட ஆட்டுக்கு என்ன களை?

மயிலம் பக்கம் புதிதாக ஆடு வாங்கிக் கட்டுகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "கொல்லையில் முளைத்துக் கிடக்கிற களையைப் பிடுங்கிப் போடலாமா தாத்தா?" என்றுதான். போடலாம். எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

1. மேய்கிற ஆடு ஒரே செடியில் நிற்காது. வேலியில் இரண்டு வாய், வரப்பில் நாலு வாய் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகாத தழை இருந்தாலும் கொஞ்சம்தான் உள்ளே போகும். நீங்கள் ஒரே செடியைக் கட்டுக்கட்டாக அறுத்துவந்து பட்டியில் கொட்டினால் அந்தக் காவல் போய்விட்டது. ஐந்தாறு வகையாகக் கலந்து போடுங்கள்.

2. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆடு பசியோடு வந்து இறங்கும். பசித்த ஆடு அரளியையும் கடிக்கும். முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல். பச்சைத்தழை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

3. அருகம்புல், கொழுக்கட்டைப்புல், மூக்கிரட்டை, தொய்யக்கீரை எல்லாம் தாராளமாகப் போடலாம். சாரணை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை ஆகியவற்றைக் கொஞ்சமாக. அவற்றில் ஆக்சலேட் அதிகம். எருக்குழி ஓரம் தளதளவென்று வளர்ந்ததில் நைட்ரேட்டும் ஏறியிருக்கும். நாம் தின்கிற கீரைதானே என்று வாதாடாதீர்கள். நாம் வேகவைத்து ஒரு கரண்டி தின்கிறோம், ஆடு பச்சையாக ஒரு கட்டுத் தின்கிறது.

4. நம் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஊதாப்பூப் பூத்து நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்குக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மற்ற பல நஞ்சுச் செடிகளைத் தின்றால் சட்டென்று தெரிந்துவிடும். இது அப்படியில்லை. வறட்சியில் வேறு பச்சை கிடைக்காமல் ஆடு இதைக் கடிக்கத் தொடங்கும். பிறகு நல்ல புல் இருந்தாலும் இதையே தேடிப்போகும். வாரக்கணக்கில் மெலியும், தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும். குடற்புழு என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். செடி இருக்கும் பக்கம் ஆட்டை ஓட்டாதீர்கள், அவ்வளவுதான் வைத்தியம். அரளி காய்ந்தாலும் நஞ்சு போகாது. வேலி வெட்டிய கழிவைப் பட்டி அருகே போடக் கூடாது. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். ஊமத்தையும் ஆமணக்கு விதையும் சொல்லவே வேண்டாம்.

5. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளமும், அறுத்த தாளில் விடுகிற மறுதுளிரும் சயனைடு கொண்டவை. பூ வந்தபின் அறுத்தால் ஆபத்துக் குறைவு. மரவள்ளி இலையை நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே கொடுங்கள்.

6. நம்முடையது கடலை மண். டி.எம்.வி. என்ற கடலை ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. கடலைக்கொடியை மழையில் நனையவிட்டுப் பூசணம் பிடித்தால் ஆட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழிக்குப் போகட்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூசணம் பிடித்த கடலைத் தீவனத்தால்தான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

7. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோல் அரிக்கும். தின்றால் பால் கசக்கும்.

8. களைக்கொல்லி அடித்த வரப்புத் தழை வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அறுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

9. ஆமைக்கும் இதே களையைப் போடலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நட்சத்திர ஆமை தமிழ்நாட்டு முட்புதர்களில் புல்லும் தழையும் பூவும் தின்று தானே வாழும். அதைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகத்துக்கும் 2019இல் தடை வந்துவிட்டது. ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனா வருவானோ இல்லையோ, வனத்துறை வரும். யாராவது பிடித்துவந்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

10. வாயில் நுரை, வயிறு உப்பல், மூச்சிரைப்பு, தள்ளாட்டம் தெரிந்தால் எண்ணெய் ஊற்றி நேரத்தைக் கழிக்காமல் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். ஆடு கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்து வைத்திருங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.