குஞ்சுகளின் புல்லோரம் நோயும் தாய்க்கோழிச் சோதனையும்

ஆரணி வட்டாரத்தில் அடையிற் பொரித்த குஞ்சுகள் மூன்று வாரத்திற்குள் ஒடுங்கி, பின்புறத்தில் வெண்ணிற எச்சம் ஒட்டி மடியுமாயின் புல்லோரம் நோயென ஐயுறல் வேண்டும். எல்லா வயதுக் கோழிகளையும் தாக்கும் இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் வேறு.

அமெரிக்க அறிஞர் ரெட்கர் 1899-இல் கண்ட இச் சால்மொனெல்லாக் கிருமி, நோயினின்று தேறிய பெட்டையின் சினைப்பையில் தங்கி முட்டை வழியே குஞ்சை அடைகிறது. அப்பெட்டை பார்வைக்கு நலமாகவே தோன்றும். இரத்தச் சோதனையே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

கால்நடை மருத்துவர், சாயமேற்றிய சோதனைத் திரவத்தில் ஒரு துளியையும் கோழியின் இரத்தத்தில் ஒரு துளியையும் வெண்ணிற ஓட்டின்மேல் கலப்பர். இரண்டு நிமிஷத்திற்குள் கலவை திரிதிரியாய்த் திரளின் நோயுண்டு. அத்தகைய கோழியை மந்தையினின்று நீக்குக. அதன் முட்டையை அடைவைக்கலாகாது. ஒரு மாதம் கழித்து மந்தையை மறுபடியும் சோதித்தல் நலம்.

புதிதாய் இறந்த குஞ்சுகளைப் பனிக்கட்டியிட்டு, மருத்துவர் வாயிலாக, 1932-இல் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு நிலையத்திற்கு அனுப்பி நோயை உறுதி செய்துகொள்க.