நாவலாசிரியர் பேச்சை யூடியூபில் கேட்கிறீர்களா?

● எழுத்தாளர் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்து தேடுங்கள். கூடவே ‘ஏற்புரை’, ‘வாசிப்பு’, ‘கலந்துரையாடல்’ என ஒரு சொல்லைச் சேர்த்தால், துண்டு வீடியோக்களைத் தாண்டி முழு உரையை எளிதில் பிடிக்கலாம்.

● தமிழ் இலக்கியக் கூட்டங்களுக்கு ‘ஸ்ருதி டிவி’ யூடியூப் சேனலின் பதிவுகளைப் பாருங்கள். உலக இலக்கியம் பிடிக்கும் என்றால் எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் உரைகளில் தொடங்கலாம்.

● நோபல் பரிசு இணையதளத்தில் கசுவோ இஷிகுரோ (2017), ஹான் காங் (2024) ஆகியோரின் உரைகள் இலவசம். ஹான் காங் பேசியது கொரிய மொழியில். ஆங்கில எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

● பேட்டியை 1.25 வேகத்தில் ஓட்டலாம். ஆசிரியரே நாவலை வாசிக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டாதீர்கள். உரையாடலில் எங்கே நிறுத்துகிறார், வட்டாரச் சொல்லை எப்படி உச்சரிக்கிறார் என்பதெல்லாம் வேகத்தில் அடிபட்டுவிடும்.

● படிக்காத நாவல் என்றால், கலந்துரையாடலைத் தள்ளிவையுங்கள். முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள். ஆசிரியர் வாசிக்கும் பகுதியை மட்டும் கேட்டால் போதும்.

● பிடித்த இடம் வந்ததும் நிமிடத்தையும் விநாடியையும் (உதாரணம் 14:20) குறித்துவையுங்கள். பிறகு தேடித் தவிக்க வேண்டாம்.

● டேட்டா குறைவா? தரத்தை 144பி ஆக்குங்கள். இது கேட்கும் நிகழ்ச்சிதானே!

● உரை பிடித்திருந்தால் அந்த நாவலை வாங்குங்கள். அல்லது நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பேச்சைக் கேட்பது புத்தகத்தைப் படித்ததாக ஆகாது.